கலிடோன் காடும் வீரமலைக் காடும்

ஒப்பிலக்கியம் தமிழ்ப் பாடத்திட்டத்துள் ஒரு தாளாக இடம்பெற்ற நாள்தொட்டுக் கிரேக்கத் தொன்மங்கள் நம் மாணவர்க்கு ஓரளவு அறிமுகமாகியே உள்ளன. சீயஸ் இடியைப் படையாகக் கொண்டவன் என்பதும், மெடூசாவின் கூந்தல் பாம்புகளால் ஆயது என்பதும், ஒற்றைக்கண் அரக்கனின் குகையிலிருந்து ஒடிசியஸ் தப்பிய சூழ்ச்சியும் அவர்கள் அறிந்தவையே. வினாடி வினா மேடைகளில் சிறகுடைய குதிரையின் பெயர் பெகாசஸ் என நொடியில் விடை பகர்ந்து பரிசு பெறும் மாணவரைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கின்றோம். ஆயின், கோவையிலும் ஈரோட்டிலும் தாராபுரத்திலும் பிறந்து வளர்ந்த அதே மாணவரிடம் கொம்பன் யார், பொன்னாச்சி யார் என வினவினால் இருவகை விடைகளே கிடைக்கின்றன. ஒன்று மௌனம். மற்றொன்று, "அது எங்க சாமி கதைங்கய்யா" எனக் கூச்சத்துடன் வரும் மறுமொழி. மௌனத்தைக் காட்டிலும் இம்மறுமொழியே நம்மை மிகுதியும் சிந்திக்கச் செய்கின்றது. எட்டாத நாட்டின் கதை இலக்கியம். தன் ஊர்க் கதை சாமி காரியம் என்னும் பிரிவினை எங்ஙனம் நேர்ந்தது? இப்பிரிவினை நீங்க வேண்டும் என்பதே எம் கருத்து. அதனைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

அண்ணன்மார் கதை எனவும், குன்றுடையான் கதை எனவும், பொன்னர் சங்கர் கதை எனவும் வழங்கும் நெடும்பாடல் கொங்கு நாட்டின் பெருஞ்செல்வம். உடுக்கடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்பெறுவது. குன்றுடையான், அவன் மனைவி தாமரை, நெடுநாள் மகப்பேறின்றி அவள் இயற்றிய தவம், அத்தவத்தின் பயனாய்ப் பிறந்த இரட்டையர் பொன்னரும் சங்கரும், அவர்தம் தங்கை அருக்காணி என மூன்று தலைமுறைகளைத் தழுவிச் செல்லும் இக்கதை, வேட்டுவரோடு நேரும் பகையிலும் படுகளத்திலும் சென்று முடிகின்றது. மூத்தவன் பொன்னர் அமைதியானவன். இளையவன் சங்கர் சினம் மிக்கவன். நிகழ்ச்சிகளின் வரிசையும் பெயர்களும் பாடுவோர்க்குப் பாடுவோர் மாறும். வாய்மொழிக் காப்பியத்தின் இயல்பே அது.

இப்பாடலை உலக அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தவர் கனடா நாட்டு மானிடவியலார் பிரெண்டா பெக் அம்மையார். 1960களின் இடைப்பகுதியில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, உள்ளூர்ப் பாடகர் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அவருடைய ஆய்வு நூல் 1982இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பாடல் முழுதும் தமிழும் ஆங்கிலமுமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் இரு பகுதிகளாக வெளியிடப்பெற்றது. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதையும், கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'பொன்னர் - சங்கர்' புதினமும் தமிழ் வாசகர்க்கு அதனை அச்சில் வழங்கின. அப்புதினம் 2011இல் திரைப்படமாகவும் வந்தது. ஆகவே, நூல் கிடைக்கவில்லை என்னும் சாக்கு நமக்கு இல்லை.

இனி, கலிடோனுக்குச் செல்வோம்.

கலிடோன் என்பது மேற்குக் கிரேக்கத்தில் ஏட்டோலியா நாட்டிலிருந்த நகர். அதன் மன்னன் ஈனியஸ் அறுவடை முடிந்து தேவர் யாவர்க்கும் முதற்கனி படைத்தான். வேட்டைத் தெய்வமாகிய ஆர்ட்டெமிஸை மட்டும் மறந்தான். சினந்த அத்தெய்வம் பெரும் பன்றியொன்றை ஏவியது. அது கொடிமுந்திரித் தோட்டங்களை வேரொடு பெயர்த்தது. விளைந்த வயல்களை உழக்கியது. மன்னன் மகன் மெலியாகர் நாடெங்குமிருந்து வீரரைத் திரட்டினான். காஸ்டர், பாலிடியூசஸ் என்னும் இரட்டையரும் வந்தனர். அட்லாண்டா என்னும் வேட்டை மகளும் வந்தாள். பெண்ணொருத்தியோடு வேட்டைக்குச் செல்வதா என வீரர் சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் பன்றியின் உடலில் முதற்குருதி கண்ட அம்பு அவளுடையதே. பின்னர் மெலியாகர் அதனைக் கொன்றான். தோலையும் தலையையும் அவளுக்கே பரிசாக அளித்தான். அப்பரிசே பூசலுக்கு வித்தாயிற்று. தாய்மாமன்மார் அதனைப் பறிக்க, அவன் அவர்களைக் கொல்ல, உடன்பிறந்தாரை இழந்த தாய் தன் மகனின் உயிர் பொதிந்த கட்டையை நெருப்பிலிட்டாள்.

ஈண்டு ஒன்று குறிப்பிடத் தக்கது. மேற்கூறிய வடிவம் உரோமப் புலவர் ஓவிட் வழி நமக்குக் கிடைப்பது. அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட ஹோமரின் இலியட்டில், ஒன்பதாம் பகுதியில், சினந்து ஒதுங்கியிருக்கும் அக்கிலீசுக்கு முதியவர் ஃபீனிக்ஸ் இக்கதையை அறிவுரையாகக் கூறுகின்றார். அங்கே அட்லாண்டாவும் இல்லை. எரியும் கட்டையும் இல்லை. பன்றியின் தலைக்காகவும் தோலுக்காகவும் இரு மக்கட் கூட்டத்தார் போரிட்டமை மட்டுமே உளது. கிரேக்கக் கதையும் சொல்வோர்க்குச் சொல்வோர் மாறியே வந்தது. எழுத்தில் நின்றுவிட்டமையால் அது ஒரே கதை போல நமக்குத் தோன்றுகின்றது, அவ்வளவே. இடையில் ஒரு நகைச்சுவை: ட்ராய்ப் போரில் யாவர்க்கும் அறிவுரை பகரும் முதுபெருந்தலைவர் நெஸ்டர், தம் இளமையில் இப்பன்றிக்கு அஞ்சி ஈட்டியை ஊன்றி மரத்தின்மேல் தாவி ஏறிக்கொண்டார் என ஓவிட் பாடுகின்றார்.

வீரமலைக் காட்டின் பன்றிக்குப் பெயர் கொம்பன். இக்காலத்தே கொம்பன் என்றால் கொங்கு மக்கள் நினைவில் வருவது ஆண் யானையே. கதையிலோ அப்பெயர் கோரைப் பல்லுடைய காட்டுப்பன்றிக்கு உரியது. வேட்டுவர்தம் செல்வமாய், அவர்தம் காட்டின் காவலாய் வளர்ந்தது அது. தங்கை விரும்பினாள் என அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக் கிளியைப் பிடித்து வருகின்றனர், துணையைப் பிரிந்த பேடு முறையிடுகின்றது, பகை மூள்கின்றது, கொம்பன் இறங்கி வந்து அண்ணன்மாரின் விளைநிலங்களைச் சிதைக்கின்றது. வேட்டைக்கு நாள் குறித்தாயிற்று. அரண்மனை நாய்கள் யாவும் புறப்படுகின்றன. பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெட்டை நாயை மட்டும் ஒருவரும் அழைக்கவில்லை. அழைக்காத குறை அதற்கு உறைக்கின்றது. அதன் மனக்கொதிப்பால் சங்கர் நோயுற்று வீழ்கின்றான், வேட்டை தடைப்படுகின்றது. பின்னர் உண்மை உணர்ந்து, அந்த நாயை மதித்து அழைத்துச் செல்கின்றனர். பெருநாய்கள் தோற்றுப்போன இடத்தில், கொம்பனின் வயிற்றடியில் புகுந்து அதன் மறைவிடத்தைக் கடித்து நிறுத்துகின்றது அந்தச் சிறு நாய். அதன் பின்னரே சங்கரின் ஈட்டி பாய்கின்றது.

இவ்விரு வேட்டைகளையும் அருகருகே வைத்து நோக்குக. மன்னன் ஒரு தெய்வத்தை மறந்தான், பன்றி வந்தது. வீரன் ஒரு நாயை மறந்தான், நோய் வந்தது. ஆங்கே ஆடவர் இகழ்ந்த பெண்ணின் அம்பு முதலில் தைத்தது. ஈங்கே எவரும் எண்ணாத பெட்டை நாயின் பல் முதலில் பதிந்தது. வெற்றி இரண்டிடத்தும் நிலைக்கவில்லை. பன்றியின் சாவு பேரழிவுக்கு வாயிலாகின்றது. ட்ராய்ப் போரின் மூலமும் இத்தகைய மறதியே அன்றோ? பீலியஸ் திருமணத்துக்கு அழைக்கப்பெறாத பிணக்குத் தெய்வம் ஏரிஸ் எறிந்த பொற்கனியால் விளைந்ததே அப்பத்தாண்டுப் போர். பந்தியில் விடுபட்டவரின் மனக்குறை ஒரு குடியையே கவிழ்க்கும் என்பதைக் கொங்கு நாட்டில் எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கலியாணத்துக்கு அழைப்பு வைக்க மறந்த வீட்டாரிடம் தலைமுறை கடந்தும் பேச்சு வார்த்தை இல்லாத குடும்பங்களை நாம் அறிவோம்.

இரட்டையரையும் இங்ஙனம் ஒப்பு நோக்கலாம். காஸ்டர் குதிரை பழக்குவதில் வல்லவன். பாலிடியூசஸ் குத்துச்சண்டையில் வல்லவன். அவர்தம் உடன்பிறந்தாள் ஹெலன். ஒருவன் மாண்டபோது மற்றவன் தன் அழியா வாழ்வைப் பாதியாய்ப் பகிர்ந்தளித்து, இருவரும் ஒருநாள் விண்ணிலும் ஒருநாள் கீழுலகிலும் வாழலாயினர் என்பது கிரேக்கர் கூற்று. அண்ணன்மார் கோயில்களில் நிற்கும் குதிரை உருவங்களைக் கண்டவர்க்கு இவ்விரட்டைக் குதிரை வீரர் அயலார் அல்லர். ஆயினும், நம் கதையின் உயிர் இரட்டையரிடம் இல்லை. தங்கை அருக்காணியிடமே உளது என்பது எம் துணிபு. அண்ணன்மார் தம் வாளிலேயே வீழ்ந்துபட்ட பின், அவள் தனியளாய்க் காடெல்லாம் தேடி வருகின்றாள். அவர்களைக் கண்டு எழுப்புகின்றாள். சிறிது பொழுது பேசிவிட்டு அவர்கள் மீண்டும் மடிகின்றனர். மன்னன் ஆணையை மீறித் தமையன் பிணத்துக்கு மண் தூவிய ஆண்டிகனியைச் சோபோக்ளிஸ் பாடினார். ஆண்டிகனியின் பெயர் உலகெங்கும் ஒலிக்கின்றது. அருக்காணியின் பெயரோ வீரப்பூரிலும் கொங்கு நாட்டுப் படுகளங்களிலும் மட்டுமே ஒலிக்கின்றது.

படுகளம் என்பதை அறியாதார்க்கு ஒரு சொல். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும், கொங்கு நாட்டின் பிற அண்ணன்மார் கோயில்களிலும், ஆடவர் மாண்டாரைப் போல் நிலத்தில் வீழ்வர், பின்னர் எழுப்பப்பெறுவர். இறந்தவர் மீளும் அக்கணத்தில் சூழ நிற்கும் மக்கள் அழுவது நடிப்பன்று. ஏதென்ஸ் நகரத்தார் டயோனிசஸ் விழாவில் மலைச்சரிவில் அமர்ந்து துன்பியல் நாடகங்களைக் கண்டு கலங்கியதை நாம் நூலில் படித்தே அறிகின்றோம். அதற்கு நிகரான கலைநிகழ்வு பேருந்தில் சென்று காணத்தக்க தொலைவிலேயே நிகழ்கின்றது.

இவ்வளவு ஒற்றுமை கண்டதும் சிலர்க்கு ஆர்வம் மேலிடுவது உண்டு. யவனர் நம் நாட்டுக்கு வணிகத்தின்பொருட்டு வந்தனரே, அவர் வாயிலாகவே இக்கதை வந்திருக்கலாகாதா என்பர் ஒரு சாரார். இங்கிருந்தே அங்குச் சென்றது என்பர் மற்றொரு சாரார். யவனத் தொடர்பு உண்மையே. முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டினூடே கீழைக் கடற்கரைக்குப் பெருவழி சென்றது. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வு, மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களை வெளிப்படுத்தியது. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் உரோமக் காசுகள் குவியலாய்க் கிடைத்தன. பொள்ளாச்சியிலும் கரூரிலும் அங்ஙனமே. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர் காலத்தவை. காசு வந்தமைக்குச் சான்று காசே. கதை வந்தமைக்கு அத்தகைய சான்று ஏதும் இல்லை. உழவன் எங்குளனோ அங்கெல்லாம் பன்றி அவன் பகையே. தொண்டாமுத்தூரிலும் மதுக்கரையிலும் மலையடிவாரத் தோட்டத்தார் இன்றும் இரவெல்லாம் விழித்துக் காவல் காப்பது எதனால்? கலிடோனியர் கதை அவர்க்குத் தேவையில்லை; அவர்தம் வரப்பே அக்கதையைச் சொல்லும். ஒற்றுமை கண்டவிடத்துக் கடன் கணக்கு எழுதத் தொடங்குவது ஒப்பிலக்கியம் ஆகாது.

எம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு இப்போது வருகின்றோம். கிரேக்கக் கதைகள் இன்று எவருடைய உடைமையும் அல்ல. மெலியாகரை மூடன் என்றாலும், அக்கிலீசைக் கொடியன் என்றாலும் வழக்குத் தொடுப்பார் இலர். அண்ணன்மார் கதையின் நிலை வேறு. அது ஒரு குடியினரின் குலப்பெருமையாகவும் மற்றொரு குடியினரின் தாழ்வாகவும் பார்க்கப்படுகின்றது. வேளாளர் கதையெனப் பாடப்பெறும் இதில் வேட்டுவர் பகைவராய் வருகின்றனர். அவ்வேட்டுவர் வழியினர் எனத் தம்மைக் கருதுவோரும், தலையூர்க் காளியைத் தம் வீர முன்னோனாகப் போற்றுவோரும் இதே மண்ணில் வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் நம் வகுப்பறையில் அதே பலகையில் அமர்கின்றனர். சங்கருக்கு நிழலாய் நின்று, அவன் இட்ட அரும்பணிகளை எல்லாம் முடித்த சாம்புகன், சாம்புவன் எனவும் வழங்கப்பெறுபவன், முரசறையும் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவன். அவனை முன்னோனாய்க் கொள்ளத்தக்க மாணவரும் உளர். கதையில் இவர்க்கெல்லாம் இடமுண்டு. கதையைப் பற்றிய பேச்சில் இடமில்லை. இதனாலேயே ஆசிரியர் பலர் இக்கதையைத் தொடவே தயங்குகின்றனர். வம்பு எதற்கு எனக் கலிடோனுக்கு ஓடிவிடுவது எளிது. அத்தயக்கத்தின் காரணத்தை நாம் அறியாமல் இல்லை. ஆயின் ஆசிரியர் ஒதுங்கினால் அவ்விடத்தை நிரப்புவோர் குலப்பெருமை பேசும் மேடையினரே.

கிரேக்கக் கதைகளும் ஒரு காலத்தில் இவ்வாறே உடைமைப் பொருளாய் இருந்தன. குடிகள் யாவும் தம்மைத் தேவர் வழியினர் எனவும் வீரர் வழியினர் எனவும் உரிமை பாராட்டின. அவற்றை அந்நிலையிலிருந்து விடுவிக்கத் துணைநின்றோருள் ஏதென்ஸ் நாடகப் புலவர் முதன்மையானோர். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரைக் கிரேக்கர் முறியடித்தனர். எட்டே ஆண்டுகள் கழித்து, கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் அப்போரை நாடகமாக்கினார். களம் பாரசீகத் தலைநகர். மேடையில் நின்று புலம்புவோர் தோற்ற பாரசீகர். அவர்தம் அரசனின் தாய் செய்தி கேட்டுத் துடிக்கின்றாள். பார்த்திருந்தோர் அப்பாரசீகரால் வீடு எரியக்கண்ட ஏதென்ஸ் மக்கள். யூரிபிடிஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மெலோஸ் தீவின் ஆடவரை ஏதென்ஸ் படை கொன்று, பெண்டிரையும் சிறாரையும் அடிமைகளாய் விற்ற மறு ஆண்டே, கி.மு. 415இல், ட்ராய் நகரத்துக் கைம்பெண்களை மேடையேற்றினார். வென்றோர் கதையாயிருந்தது தோற்றோர் வாயால் சொல்லப்பெற்ற பின்னரே அது எல்லார்க்கும் உரியதாயிற்று.

அண்ணன்மார் கதைக்குள்ளேயே அதற்குரிய விதை உளது என்பதே எமக்கு வியப்பு. கிளியைக் கவர்ந்தோர் யார்? துணை பிரிந்த பேட்டின் அழுகையைப் பாடியவர் அண்ணன்மாரைத் தெய்வமாய் வணங்கும் பாடகரே அல்லரோ? காட்டை உழுநிலமாக்கியோர்க்கும் காட்டையே வாழ்வாய்க் கொண்டோர்க்கும் இடையே நேர்ந்த மோதலை, இரு பக்க நியாயமும் புலப்படவே அவர்கள் பாடியுள்ளனர். கொம்பனை வெறும் அரக்க விலங்காய் அவர்கள் காட்டவில்லை; தன் மக்களுக்காகப் போரிட்டு வீழும் வீரனாகவே காட்டியுள்ளனர். உடுக்கடிப்பவர்க்கு இருந்த இந்நடுவுநிலை உரைவிளக்கம் தருவோர்க்கு ஏன் இல்லை?

பல தெய்வக் கதைகளை இறைவன் ஒருவன் என நம்புவோர் நடத்தும் கல்லூரியில் ஏன் பயில வேண்டும் என வினவுவாரும் உளர். அவர்க்குப் பாக்தாதை நினைவூட்டுவோம். கலீபா மாமூன் காலத்தும் அதனை அடுத்தும் அரபு அறிஞர் கிரேக்கரின் தருக்கத்தையும் மருத்துவத்தையும் வானியலையும் பெயர்த்தனர், ஹோமரைப் பெயர்க்கவில்லை. ஆயினும், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ கி.பி. 964 அளவில் இயற்றிய விண்மீன் நூலில் கிரேக்கத் தொன்ம மாந்தர் அனைவரும் ஓவியமாய் வந்து அமர்ந்தனர். பெர்சியஸ் கையிலேந்திய மெடூசாவின் தலை அரபியில் 'ரஃஸுல் கூல்', அதாவது பூதத்தின் தலை, ஆயிற்று. அல்கோல் என இன்று உலக வானியலார் அனைவரும் அவ்விண்மீனை அழைப்பது அவ்வரபுப் பெயராலேயே. இலியட்டும் 1904இல் சுலைமான் அல்புஸ்தானீ கைவண்ணத்தால் கெய்ரோவில் அரபுச் செய்யுளாய் வெளிவந்தது. தமிழில் அதனை வழங்கியோருள் நாகூர் ரூமி ஒருவர். அரபு நாட்டை மருத வளம் கொழிக்கும் தமிழ்நிலமாய் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் புனைந்தபோதும், படைப்போர் என்னும் வகையைத் தமிழ் முசுலிம் புலவர் வளர்த்தபோதும், கதையைக் கதையாய்ச் சுவைக்கவும் மண்ணுக்கேற்ப மாற்றவும் அவர்கள் அறிந்திருந்தனர். அம்மரபில் வந்தோர் கொங்குக் கதையை விலகி நின்று, எக்குடிப் பற்றுமின்றி ஆராயத் தக்கவர் என்பது எம் எண்ணம். ஊர்க்கதையில் நமக்குக் குலப்பங்கு இல்லை என்பதே இவ்விடத்தில் ஒரு தகுதியாகின்றது.

செய்யத்தக்கது பெரிதன்று. ஒப்பிலக்கியத் தாளில் கலிடோன் வேட்டை இருக்கட்டும். அதனருகே கொம்பன் வேட்டையும் இடம்பெறட்டும். மூன்றாமாண்டு மாணவர் இடும் களப்பணிக் கட்டுரைகளுள் சிலவேனும், அச்சிட்ட நூல்களிலிருந்து படியெடுக்கும் வழக்கத்தை விடுத்து, மாசி மாதத்தில் உடுக்கடிப் பாடகரிடம் நேரில் கேட்டு எழுதப்பெறட்டும். ஓரிரவுப் பாடலைப் பதிவு செய்ய முற்காலத்தே சுமையான ஒலிநாடாக் கருவியும் மின்கலங்களும் வேண்டியிருந்தன. இன்று மாணவர் சட்டைப் பையிலுள்ள கைபேசி போதும். வேளாளர் ஊரில் ஒரு பதிவும் வேட்டுவர் ஊரில் ஒரு பதிவும் சாம்புகன் பெயரால் முரசறைவோரிடம் ஒரு பதிவுமாய், ஒரே நிகழ்ச்சியை மூவர் வாயிலாகக் கேட்டு எழுதிவரச் செய்தல் வேண்டும். கிளி பிடித்த பகுதியே அதற்கு ஏற்றது. பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தவறாது குறித்து, பதிவின் படியொன்றைப் பாடகர்க்கே அளித்து, மற்றொன்றைத் துறை நூலகத்தில் எண்ணிட்டு வைக்கலாம். பாடகர்க்கு உரிய ஊதியம் துறை நிதியிலிருந்து வழங்கப்பெறல் வேண்டும். மாணவர் தம் கையிலிருந்து கொடுக்கும் நிலை கூடாது. வரும் மாசிக்கு இன்னும் திங்கள் சில உள்ளன. பாடுவோர் பலர் எழுபது அகவையைக் கடந்தவர்.